மணிக்கட்டில் 38, நெஞ்சில் 76

கடந்த மே மாதம் ஒருநாள் இரவு பதினொன்றே முக்கால் மணிக்கு என் இடது மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. தூக்கக் கலக்கத்தில் திருப்பிப் பார்த்தேன். பத்து நிமிடமாக இதயத் துடிப்பு நாற்பதுக்குக் கீழே இருக்கிறது என்று எச்சரிக்கை வந்திருந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில் 38.

என் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் என்ற சிறு கருவி இருக்கிறது. நிமிடத்துக்கு 60-க்குக் குறைய விடாதபடி அதை அமைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க 38 என்றால் என்ன பொருள்? இதயத்துக்குள் போகும் ஒயர் அறுந்துவிட்டதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா, பெட்டியே நின்றுவிட்டதா? முப்பது ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டுகிறவன் நான். எந்தப் பழுதைக் கேட்டாலும் முதலில் ஒயரைத்தான் சந்தேகப்படுவேன். அன்றும் மனம் நேரே அங்கேதான் போனது.

அந்த இரவில் நடந்ததையும், அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதையும் எழுதி வைக்க வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பெருகிவிட்டார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பாசத்தோடு வாட்ச் வாங்கி அப்பாவின் கையில் கட்டிவிடுகிறார்கள். அந்த வாட்ச் எதை எண்ணுகிறது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

முதலில் என் கதை. காவேரிப்பட்டணத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர்வெல் சப்மெர்சிபிள், மாங்கூழ் ஆலைகளின் பெரிய மோட்டார்கள் எல்லாம் வரும். 2022-இல் ஒருநாள் ஸ்டேட்டரைக் குனிந்து தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு விழுந்தேன். கடைப் பையன் தண்ணீர் தெளித்து எழுப்பினான். அன்று மாலையே இரண்டாம் முறை விழுந்தேன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபோது துடிப்பு 34. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்சாரம் கீழறைக்குப் போய்ச் சேரவில்லை என்றார்கள். ஆம்புலன்ஸில் தொப்பூர்க் கணவாய் தாண்டிச் சேலம் போனோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அங்கே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் வைத்தார்கள். மருத்துவர் செவிலியரிடம் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “எத்தனை அடைப்பு? ஸ்டென்ட் வைத்தார்களா?” மருத்துவர்கள் ‘ஹார்ட் பிளாக்’ என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. என் ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை. தண்ணீர்க் குழாய் நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர்தான் அறுந்திருக்கிறது. பேஸ்மேக்கர் அந்த ஒயருக்கு மாற்று. என் கருவியில் மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என இரண்டு ஒயர்கள். அது எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது. மேலறை துடித்தும் கீழறை பதில் சொல்லவில்லை என்றால் தானே ஒரு சிறு மின்துடிப்பைக் கொடுக்கிறது. இதயம் தானாகத் துடித்துவிட்டால் பேசாமல் இருந்துவிடுகிறது. இப்படி இன்னொருவர் செய்கிறாரா என்று பார்த்துவிட்டு, செய்யாதபோது மட்டும் கை கொடுக்கும் பண்பு எந்த ஆட்டோ ஸ்டார்ட்டரிலும் நான் கண்டதில்லை.

மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் இந்தக் கருவியின் வரலாற்றைப் படித்தேன். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உடலுக்குள் வைக்கும் முதல் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. வடிவமைத்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட், பொருத்திய அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங். செருப்பு பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து, பாகங்களின் மேல் எபாக்சி என்ற பிசினை ஊற்றி இறுக வைத்தார்களாம். உள்ளே இருந்த பேட்டரிக்கு வெளியிலிருந்து ஒரு காயில் மூலம் சார்ஜ் ஏற்றினார்கள். காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தே வாழ்கிற எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்த முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. லார்சன் அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, 2001-இல் 86 வயதில்தான் இறந்தார். அவருக்கு இருந்ததும் என் நோய்தான்.

வாட்ச் என் மகள் வாங்கித் தந்தது. அவள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். “அப்பா, நீங்கள் கடையில் தனியாக இருக்கும்போது ஏதாவது ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்” என்றாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. கட்டிக்கொண்டேன்.

கட்டிய முதல் நாளே ஒன்று நடந்தது. வாட்சுக்கு வலை போல் பின்னிய உலோகப் பட்டை போட்டிருந்தாள். பார்க்க அழகாக இருந்தது. பக்கிள் கிடையாது, நுனியை மடக்கி வைத்தால் அதுவாக ஒட்டிக்கொள்ளும். கடையில் பழைய ஷாஃப்டை அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையை மேசையிலிருந்து எடுத்தபோது பட்டையின் நுனியில் இரும்புத் துகள்கள் மீசை முளைத்தது போல் நின்றிருந்தன. விரலால் தட்டினேன், விழவில்லை. ஊதினேன், போகவில்லை. ஒவ்வொரு துகளும் நுனி தூக்கி நின்றது. காந்தம்! இடது கையை நெஞ்சில் மடித்து வைத்துக்கொண்டு தூங்குகிறவன் நான். அந்தக் காந்தம் இரவெல்லாம் பேஸ்மேக்கரின் மேலேயே கிடந்திருக்கும்.

வலுவான காந்தம் மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். அது பழுதல்ல, வேண்டுமென்றே வைத்திருக்கும் ஏற்பாடு. மருத்துவர்களே சோதனைக்காகக் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். காந்தத்தை எடுத்துவிட்டால் கருவி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் வீட்டில், தூக்கத்தில், தெரியாமல் அப்படி நடக்கக் கூடாது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2021 மே மாதமே இதைப் பற்றி அறிவுறுத்தியிருக்கிறது: செல்போனையும் ஸ்மார்ட் வாட்சையும் உடலுக்குள் வைத்த கருவியிலிருந்து குறைந்தது 6 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாகப் போதும். அன்று மாலையே அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டுச் சாதாரண ரப்பர்ப் பட்டை போட்டேன். வாட்சைச் சார்ஜ் ஏற்றும் வட்டத் தட்டிலும் காந்தம் இருக்கிறது. அதைக் கட்டில் தலைமாட்டிலிருந்து அலமாரிக்கு மாற்றினேன். சட்டையின் இடது பையில் செல்போன் வைக்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டேன்.

இனி அந்த மே மாத இரவுக்கு வருகிறேன்.

எழுந்து உட்கார்ந்தேன். தலை சுற்றவில்லை, மயக்கம் இல்லை. நெஞ்சில் மட்டும் ஏதோ தட்டுத் தடுமாறுகிற உணர்வு. விளக்கைப் போட்டதும் மனைவி விழித்துக்கொண்டாள். “என்னங்க, என்ன ஆயிற்று?” என்றாள். நான் பதில் சொல்லாமல் வலது கையின் மூன்று விரல்களை இடது மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தேன். ஒரு துடிப்பு. பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி ஒரு துடிப்பு. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். 38. வாட்ச் பொய் சொல்லவில்லை!

பி.பி. பார்க்கும் மெஷினும் வீட்டில் இருந்தது. எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து, தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவைப் பார்த்துப் பார்த்து என் மனைவியும் அதைப் பழகி, ஒரு மெஷின் வாங்கி வைத்திருந்தாள். கையில் சுற்றிப் பார்த்தாள். ரத்த அழுத்தம் 110-க்கு 70. நாடி 38. மூன்று சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் கொடுத்துவிட்டன. அவள் அழத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்தான். கிருஷ்ணகிரிக்குப் போகும் அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரும் நான் வாட்சையே பார்த்துக்கொண்டு போனேன். 38, 39, 38, 37.

அவசரப் பிரிவில் இருந்தவர் என் மகள் வயதுடைய மருத்துவர். வாட்சைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்தார். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் கவனித்தபடி ஒரு நிமிடம் நின்றார். பிறகு, “ஐயா, உங்கள் நெஞ்சில் 76 கேட்கிறது. கையில் 38 தான் வருகிறது” என்றார்.

சரி பாதி.

ஈ.சி.ஜி. தாளை நீட்டி, விரல் வைத்துக் காட்டினார். பேஸ்மேக்கர் கொடுத்த துடிப்பு ஒன்று. அதை ஒட்டி, நேரத்துக்கு முன்பே அவசரமாக வந்த வேறொரு துடிப்பு. கீழறையின் ஏதோ ஒரு மூலையிலிருந்து தானாகக் கிளம்பும் இந்த உதிரித் துடிப்பை எக்டோபிக் என்கிறார்கள். பிறகு ஓர் இடைவெளி. மறுபடி பேஸ்மேக்கர், மறுபடி எக்டோபிக். தாள் முழுவதும் இரண்டிரண்டாகக் கோலப் புள்ளிகள் போல் போய்க்கொண்டிருந்தது.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் தொழிலில் தினமும் பார்க்கும் காட்சி இது. மோட்டார் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, டாங் டெஸ்டர் வைத்தால் கரண்ட் காட்டுகிறது, ஆனால் டெலிவரி குழாயில் தண்ணீர் வரவில்லை. கிணற்றில் தண்ணீர் ஊறுவதற்கு முன்பே மோட்டாரைப் போட்டால் அப்படித்தான் ஆகும். இதயமும் அதேதான். கீழறையில் ரத்தம் நிறைவதற்கு முன்பே எக்டோபிக் வந்து அதைச் சுருக்கிவிடுகிறது. உள்ளே சுருக்கம் நடக்கிறது, ஆனால் கை வரைக்கும் வந்து சேரும் அளவுக்கு ரத்தம் வெளியே போவதில்லை. என் விரலும் வாட்சும் பி.பி. மெஷினும் பார்த்துக்கொண்டிருந்தது டெலிவரி குழாயை. மூன்றும் ஒன்றுபோலச் சொன்னதில் வியப்பே இல்லை.

பேஸ்மேக்கர் ஏன் சும்மா இருந்தது? இதை அந்த மருத்துவரிடமே கேட்டேன். அவர் சொன்னதை மறுநாள் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 என்று அமைத்திருந்தால், கருவி ஒரு துடிப்பிலிருந்து அடுத்ததற்கு ஒரு நொடி காத்திருக்கிறது என்று பொருள். அது கேட்பது மின்சாரத்தை. கைக்கு ரத்தம் போனதா என்பது அதற்குத் தெரியாது. எக்டோபிக்கின் மின்சாரம் காதில் விழுந்ததும், ‘இதயம் துடித்துவிட்டது’ என்று கணக்கில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து புதிதாக ஒரு நொடி எண்ணத் தொடங்குகிறது. பேஸ்மேக்கர் துடிப்புக்கும் எக்டோபிக்குக்கும் இடையே அரை நொடிக்குச் சற்று மேல். அதற்குப் பின் காத்திருப்பு ஒரு நொடி. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடிக்குக் கொஞ்சம் கூடுதல். 60 நொடியில் 38 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்துடிப்பு இரண்டு, நாடித்துடிப்பு ஒன்று. 76-க்கும் 38-க்கும் கணக்கு நேர் செய்தாயிற்று. என் பெட்டி தன் வேலையைப் பிசகாமல் பார்த்திருக்கிறது. அதைச் சந்தேகப்பட்டதற்காக நெஞ்சின் மேல் கை வைத்து ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

எக்டோபிக் ஏன் அவ்வளவு வந்தது என்பதற்கு ரத்தப் பரிசோதனை விடை சொன்னது. பொட்டாசியம் 2.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். ரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிடும் மாத்திரையில் சிறுநீரைக் கூட்டும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. மாம்பழக் காலம், கடையில் வேலை நெருக்கடி, தகரக் கூரைக்கு அடியில் வேர்த்துக் கொட்டியது. போதாததற்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றும் சேர்ந்து பொட்டாசியத்தைக் கரைத்துவிட்டன. சிரப் கொடுத்தார்கள், தண்ணீரில் கலந்தாலும் உப்பும் கசப்புமாகத் தொண்டையைப் பிடிக்கிறது. விடியற்காலையில் மணிக்கட்டில் துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. வாட்ச் 64 காட்டியது. (இதைப் படித்துவிட்டு யாரும் தானாகப் பொட்டாசியம் வாங்கிக் குடித்துவிடாதீர்கள். கூடிப்போனாலும் இதயத்துக்கு ஆபத்து. ரத்தப் பரிசோதனை செய்யாமல் அதைத் தொடவே கூடாது.)

அடுத்த வாரம் சேலத்தில் பேஸ்மேக்கரைப் பரிசோதித்தார்கள். நெஞ்சின் மேல் ஒரு வட்டத் தலையை வைத்ததும், கணினி போன்ற கருவி உள்ளிருக்கும் பதிவுகளைப் படித்துவிடுகிறது. பேட்டரி எத்தனை ஆண்டு மீதி, ஒயர்களின் மின்தடை எவ்வளவு, இதயத்தைத் துடிக்க வைக்க எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது, எக்டோபிக் எத்தனை வந்தது எல்லாம் அதில் இருந்தன. அந்த மே மாத இரவும் எண்களாகப் பதிவாகியிருந்தது. பேஸ்மேக்கருக்கு உண்மையான சோதனை அதுதான். கையில் கட்டும் எந்த வாட்சும் அதற்கு ஈடாகாது. ஆறு மாதமோ ஓராண்டோ, மருத்துவர் வரச் சொல்லும் நாளைத் தவற விடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வாட்ச் நன்றாகக் காட்டுகிறதே என்று சேலம் போகாமல் இருந்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

அங்கே பரிசோதித்த இளைஞரிடம் என் சந்தேகங்களையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகப் பதில் சொன்னார். வாட்சின் அடியில் மின்னும் பச்சை ஒளியைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். மணிக்கட்டில் ரத்தம் அலையாக வரும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது, அலை வடியும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுவதுதான் வாட்சின் வேலை. ஒளியால் பேஸ்மேக்கருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

ஆனால் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை அப்படியல்ல. அது மின்சாரத்தைக் கேட்கிறது. மின்சாரத்தைக் கேட்பதால் அதுதான் துல்லியம் என்று நினைத்து, மருமகனிடம் இருந்த ஒன்றை வாங்கி நான் கட்டிப் பார்த்திருந்தேன். நாடி 62 இருக்கும்போது அது 124 காட்டியது. பேஸ்மேக்கர் கொடுக்கும் மின்துடிப்பையோ, அதற்குப் பின் வரும் அகன்ற அலையையோ அது தனித் துடிப்பாகச் சேர்த்து எண்ணியிருக்கும் என்றார். வாட்சிலேயே விரல் வைத்து ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியும் பேஸ்மேக்கர் துடிப்பைப் படிக்க அமைக்கப்பட்டது அல்ல. எனக்கு ஒவ்வொரு முறையும் ‘முடிவு தெளிவாக இல்லை’ என்றே வந்தது. முன்பு அதைப் பார்த்து அஞ்சியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை.

அவர் குரலைத் தாழ்த்தி, அழுத்திச் சொன்னது இன்னொன்று. உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அளக்கும் வசதி சில வாட்ச்களிலும், வெறுங்காலோடு ஏறி நிற்கும் எடை மெஷின்களிலும் இருக்கிறது. அவை அளவெடுக்க உடம்புக்குள் சிறு மின்சாரத்தைச் செலுத்துகின்றன. நமக்கு அது தெரியாது, உறைக்காது. ஆனால் சதா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் கருவிக்கு அந்த மின்சாரம் இதயத்தின் குரல் போலக் கேட்டுவிட்டால்? 2023-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, இத்தகைய மின்சாரம் இதயக் கருவிகளின் வேலையில் குறுக்கிடக்கூடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். அந்தப் பொருள்களைத் தயாரிப்பவர்களும் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், அதுதான் என் வருத்தம். என் மகள் வீட்டில் கண்ணாடி எடை மெஷின் ஒன்று இருக்கிறது. நான் போனால் அவளே அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள்.

நடைப்பயிற்சிக்கும் வாட்ச் ஒரு கணக்குப் போடுகிறது. 220-லிருந்து வயதைக் கழித்து, எனக்கு 163 தான் உச்சம் என்று வைத்துக்கொண்டு, பச்சை மஞ்சள் சிவப்பு என்று பிரித்துக் காட்டுகிறது. என் கருவியின் மேல் எல்லை 130. மேலறை அதற்கு மேல் எவ்வளவு வேகமாகத் துடித்தாலும், கருவி 130-க்கு மேல் கீழறையை ஓட்டாது. இடையிடையே ஒரு துடிப்பைப் பதில் சொல்லாமல் விட்டுவிடும். கிருஷ்ணகிரிக் கோட்டை மலைப் படிகளில் ஒரு காலையில் வேகமாக ஏறியபோது, வாட்சில் 128 வரை போன எண் திடீரென்று இறங்கியது. காலும் தளர்ந்தது. உட்கார்ந்துவிட்டேன். எல்லையைத் தொட்டதுதான் காரணம் என்று அடுத்த பரிசோதனையில் தெரிந்தது. வாட்சின் வண்ணங்களை நான் இப்போது பார்ப்பதில்லை. பேச முடிகிற வேகத்தில் நடக்கிறேன். ஆனால் இறங்கிய எண்ணையும் நேரத்தையும் நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டியது பயன்பட்டது. வாட்சால் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான் என்று சொல்வேன்: எந்த நாள், எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அது நினைவு வைத்துக்கொள்கிறது. மருத்துவர் கேட்டால் ‘போன மாசம் ஒருநாள்’ என்று மழுப்ப வேண்டியதில்லை.

மே மாத இரவிலும் வாட்ச் எழுப்பாவிட்டால் நான் அப்படியே தூங்கியிருப்பேன். பொட்டாசியம் இன்னும் இறங்கியிருக்கும். அதனால் அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நன்றிதான் இருக்கிறது. அது எதைப் பார்க்கிறது என்று தெரிந்து கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்வது. இப்போது வலது கையில் கட்டுகிறேன்.

போன மாதம் பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கருகிப்போன மோட்டாரோடு வந்தார். சட்டையின் மேல் பட்டன்கள் திறந்திருந்தன. பனியன் ஓரத்தில் புதுத் தழும்பு, இன்னும் சிவப்பு மாறவில்லை. கையில் பளபளவென்று ஒரு வாட்ச், பெங்களூரில் இருக்கும் பேரன் அனுப்பியதாம். இடது சட்டைப் பையில் செல்போன்.

“ஐயா, முதலில் போனை அந்தப் பையிலிருந்து எடுங்கள்” என்றேன். என் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “உனக்கும் வைத்திருக்கிறார்களா தம்பி!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வாட்சைத் திருப்பிக் காட்டி, “இதில் 72 என்று வருகிறது, நல்லதா கெட்டதா?” என்று கேட்டார்.

“உங்களுக்குக் கீழ் எல்லை எவ்வளவு வைத்திருக்கிறார்கள்?”

தெரியவில்லை. மருத்துவமனையில் கொடுத்த அட்டை பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது என்றார். மோட்டாரை எடுக்க வரும்போது அதையும் கொண்டு வரச் சொன்னேன். அவர் வாட்ச்ப் பட்டையை வாங்கி அரத்துகள் கிடந்த மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

வியாழக்கிழமை வந்தார். மஞ்சள் பையில் நான்காக மடித்த அட்டையும் டிஸ்சார்ஜ் தாளும் இருந்தன. இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தோம். பில்லின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: கீழ் எல்லை 60, மேல் எல்லை 120, வைத்த தேதி, கருவியின் எண், அடுத்துப் போக வேண்டிய நாள். அதற்குக் கீழே, ‘வாட்ச் 50-க்குக் கீழே காட்டினால், அல்லது மயக்கம் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லவும்’ என்றும் எழுதினேன். பேரனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினோம். நாடி பார்க்கவும் சொல்லிக் கொடுத்தேன். பெருவிரலை வைத்தார். பெருவிரல் வேண்டாம், அதன் துடிப்பே குழப்பும் என்று சொல்லி, நடு மூன்று விரல்களை வைத்து, ஒரு நிமிடம் முழுதாக எண்ண வைத்தேன். எழுபது என்றார். வாட்சில் 71.

மோட்டாரை வண்டியில் ஏற்றும்போது அவரும் இடது கையை நீட்டிக்கொண்டு வந்தார். வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்தக் கையால் பளு தூக்கக் கூடாது. அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, நானும் கடைப் பையனும் வலது பக்கமும் இடது பக்கமுமாகப் பிடித்து ஏற்றினோம்.